மூன்றாவது லீடு எந்தச் சிரையில்? கரோனரி சைனஸ் வழியாக இடது கீழறை லீடு வைக்கும் முறை

சாதாரண பேஸ்மேக்கருக்கு ஒன்றோ இரண்டோ லீடு (இதயத்தைத் தூண்டும் மின்கம்பி) போதும். வலது மேலறையில் ஒன்று, வலது கீழறையில் ஒன்று. இரண்டுக்கும் வழி நேரானது. காலர் எலும்புக்குக் கீழே சிரையைப் பிடித்துவிட்டால், ரத்தம் போகும் திசையிலேயே லீடும் போய்ச் சேரும். சி.ஆர்.டி. எனப்படும் இரு கீழறை பேஸிங்கில்தான் மூன்றாவதாக ஒரு லீடு வருகிறது. அது இடது கீழறையைத் தூண்ட வேண்டும். அந்த அறைக்குள்ளேயே லீடை வைத்தால், அதன்மேல் படியும் ரத்தக்கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. ஆகவே அறைக்குள் போகாமல், அதன் வெளிச்சுவரில் ஓடும் சிரைக்குள் லீடைச் செலுத்தி அங்கிருந்து தூண்டுகிறோம். ரத்தம் வரும் திசைக்கு எதிராக, கிளை கிளையாக ஏறிப் போகும் வேலை இது. 1998-இல் பிரான்சின் டோபேர் குழு இந்த வழியை விரிவாக வெளியிடும் வரை, இடது லீடு என்றால் பெரும்பாலும் நெஞ்சைத் திறந்துதான் பொருத்தினார்கள்.

எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இதயத்துக்குள் குழாய் செலுத்தும் அறையான கேத் லேபில் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் இதைப் பழகும் மருத்துவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் எழுதப்பட்டது இது. லீடு சுலபமாக நுழைந்த சிரை நல்ல சிரை என்று நினைத்துவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் எல்லாச் சிரைகளையும் படத்தில் பாருங்கள். எதைத் தொடுவது என்ற முடிவு அதற்குப் பிறகுதான்.

சிரைகள் எங்கே, எப்படி ஓடுகின்றன

இதயத் தசைக்குப் போன ரத்தத்தின் பெரும்பகுதி கரோனரி சைனஸ் என்ற குழாயில் சேர்ந்து வலது மேலறைக்குள் கொட்டுகிறது. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், இதயத்தின் முதுகுப் பக்கமாக இந்தச் சைனஸ் படுத்திருக்கும். நீளம் பொதுவாக 3 முதல் 5 செ.மீ. அதன் வாய் வலது மேலறையின் கீழ்ப் பின்பகுதியில், கீழ்ப் பெருஞ்சிரையின் திறப்புக்கும் மூவிதழ் வால்வுக்கும் இடையில், நடுச்சுவரை ஒட்டி இருக்கிறது. வாயின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும்; 1 செ.மீ. சுற்றி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாயில் பெரும்பாலோருக்குத் தெபீசியன் வால்வு என்ற மெல்லிய மடிப்பு ஒன்று உண்டு. பெரும்பாலும் அது வாயின் கீழ்ப் பின்விளிம்பிலிருந்து எழும்பி, பாதியை மறைக்கும் பிறை போல இருக்கும். சிலருக்கு ஏறக்குறைய முழு வாயையும் மூடியிருக்கும். சிலருக்குச் சல்லடை போல ஓட்டைகளோடு இருக்கும். திறந்த பக்கம் பொதுவாக மேலும் முன்னும்தான். கேத்தீட்டரை, அதாவது சிரைக்குள் விடும் மெல்லிய குழாயை, கீழிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதைவிட, மூவிதழ் வால்வுப் பக்கத்திலிருந்து பின்னுக்கு இழுத்து வருவது ஏன் பலிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

வாயிலிருந்து உள்ளே போகப் போக எதிர்ப்படும் கிளைகளை வரிசையாக நினைவில் வையுங்கள். முதல் 1 செ.மீ.க்குள்ளேயே நடு இதயச் சிரை வந்து சேரும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே, இதயத்தின் அடிப்புறப் பள்ளத்தில் நுனியிலிருந்து ஏறி வரும் சிரை இது. சிலருக்கு இது சைனஸில் சேராமல் தனியாகவே மேலறையில் திறக்கும். அடுத்து, இடது கீழறையின் பின்சுவரிலிருந்து வரும் பின்பக்கவாட்டுச் சிரை. அதற்கும் மேலே பக்கவாட்டு விளிம்புச் சிரை. இவற்றைத் தாண்டியதும் சைனஸ் பெரிய இதயச் சிரையாகப் பெயர் மாறி, இடப்பக்கமாகச் சுற்றி முன்புறம் வந்து, முன் பள்ளத்தில் இடது முன் இறங்கு தமனிக்குப் பக்கத்தில் நுனி நோக்கி இறங்குகிறது.

பெயர் மாறும் அந்த இடத்தில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று வியூசென்ஸ் வால்வு என்ற சிறு மடிப்பு. வழிகாட்டியாக முன்னே விடும் ஒயர் அங்கே முட்டி நின்றால் சிரை முடிந்துவிட்டது என்றோ கிழிந்துவிட்டது என்றோ நினைக்கத் தோன்றும்; பெரும்பாலும் வால்வு இதழ்தான் தடுத்திருக்கும். இன்னொன்று மார்ஷல் சிரை. இடது மேலறையின் முதுகில் மேல்நோக்கி ஏறும் மெல்லிய கிளை அது. ஜான் மார்ஷல் 1850-இல் விவரித்த இந்தச் சிரை, கருவில் இருந்த இடது மேல் பெருஞ்சிரையின் மிச்சம். ஒயர் திடீரென்று செங்குத்தாக மேலே போனால் மார்ஷலை நினையுங்கள். அதற்குள் கேத்தீட்டரைத் தள்ளவோ, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தான கான்ட்ராஸ்டை அழுத்திச் செலுத்தவோ கூடாது. சுவர் அவ்வளவு மெலிது.

இந்தச் சிரைகளோடு சேர்த்து அறிந்துகொள்ள வேண்டிய நரம்பு ஒன்று: இடது ஃப்ரெனிக் நரம்பு. இதய உறையின் பக்கவாட்டில், இடது கீழறையின் வெளிச்சுவர் மீது இறங்கி உதரவிதானத்துக்குப் போகிறது. நமக்கு மிகவும் வேண்டிய பக்கவாட்டுச் சிரையும் பின்பக்கவாட்டுச் சிரையும் பலருக்கு இந்த நரம்பின் அடியில்தான் ஓடுகின்றன.

எந்தச் சிரை, ஏன்

இடது பண்டில் பிராஞ்ச் பிளாக், அதாவது இடது கீழறைக்கு மின் அலையைக் கொண்டு போகும் பாதையில் தடை, இருக்கும் இதயத்தில் மின் அலை வலது பக்கத்தில் தொடங்கி, நடுச்சுவரைக் கடந்து, இடது கீழறையின் பின்பக்கவாட்டுச் சுவருக்குக் கடைசியாக வந்து சேரும். நடுச்சுவர் சுருங்கி முடித்துத் தளரும் நேரத்தில் எதிர்ச்சுவர் சுருங்கத் தொடங்குகிறது. ரத்தம் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இங்குமங்கும் தள்ளப்படுகிறது. தாமதமாக விழித்தெழும் அந்தச் சுவரை முன்கூட்டியே தூண்டுவதுதான் சி.ஆர்.டி.யின் முழு நோக்கம். ஆகவே முதல் தேர்வு பின்பக்கவாட்டுச் சிரை அல்லது பக்கவாட்டுச் சிரை.

இடத்தைச் சொல்ல இரண்டு எக்ஸ்ரே கோணங்கள் வேண்டும். எல்.ஏ.ஓ. (இடது முன் சாய்வு) 30 முதல் 40 டிகிரியில் இதயத்தை நுனியிலிருந்து பார்ப்பது போல இருக்கும். கடிகார முகமாக எண்ணிக்கொள்ளலாம். 12 மணியில் முன் சிரை, 3 மணியில் பக்கவாட்டு, 6 மணியில் நடு இதயச் சிரை, 9 மணியில் நடுச்சுவர். 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில்தான் நமக்கு வேலை. ஆர்.ஏ.ஓ. (வலது முன் சாய்வு) 30 டிகிரியில் இதயம் நீளவாக்கில் தெரியும். வால்வு ஓரத்திலிருந்து நுனி வரை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டு பங்குக்குள் தூண்டும் முனை நிற்க வேண்டும்.

கடைசிப் பங்கான நுனிப்பகுதியைத் தவிர்க்கச் சொல்வதற்குச் சான்று இருக்கிறது. மேடிட் சி.ஆர்.டி. ஆய்வின் லீடு இட அலசல் 2011-இல் வந்தது. நுனியில் லீடு வைக்கப்பட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பும் இறப்பும் கூடுதலாக இருந்தன. முன், பக்கவாட்டு, பின் என்ற இடங்களுக்கு நடுவே அந்த அலசலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காக முன் சிரையோடு திருப்திப்பட்டுவிடலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். முன் பள்ளத்திலுள்ள லீடு வலது கீழறை லீடுக்கு மிக அருகில் இருக்கும். இரண்டு இடங்களிலிருந்து தூண்டியும் ஒரே இடத்திலிருந்து தூண்டியது போலாகிவிடும். நடு இதயச் சிரையிலும் இதே குறைதான். ஆனால் நடு இதயச் சிரையிலிருந்து பக்கவாட்டுக்கு நல்ல கிளை ஒன்று பிரிந்து போனால், அதன் வழியாகப் பின்சுவரை எட்டலாம்.

சிரை நல்ல இடத்தில் இருந்தும் அதன் அடியிலுள்ள தசை செத்திருந்தால் பயனில்லை. பழைய மாரடைப்பின் தழும்பு மேல் லீடு நின்றால் த்ரெஷோல்டு, அதாவது இதயத்தைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச வோல்ட், ஏறும். தூண்டினாலும் அலை மெதுவாகவே பரவும். பக்கவாட்டுச் சுவரில் மாரடைப்பு வந்தவர்களுக்கு விளிம்புச் சிரையே இல்லாமல் போவதும் அதிகம். எக்கோவிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தழும்பு எங்கே என்று முன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு வரும் முன்

நோயாளிக்கு எப்படியும் கரோனரி ஆஞ்சியோ எடுக்கப் போகிறார்கள் என்றால், இடது தமனியில் கான்ட்ராஸ்ட் செலுத்திய பிறகு சினியை, அதாவது எக்ஸ்ரே அசைபடத்தை, உடனே நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சில விநாடிகள் கூடுதலாக ஓடவிட்டால் கான்ட்ராஸ்ட் தமனியைக் கடந்து சிரையில் நிரம்பும். சைனஸின் வாய் எந்த உயரத்தில், பின்பக்கவாட்டுக் கிளை இருக்கிறதா, எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதெல்லாம் செலவில்லாமல் கிடைத்துவிடும். சி.டி. எடுத்தால் இன்னும் தெளிவு. ஆனால் இதற்கென்றே எல்லோருக்கும் எடுக்கத் தேவையில்லை.

எக்கோவில் கரோனரி சைனஸ் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்துத் தெரிந்தால், இடது மேல் பெருஞ்சிரை மூடாமல் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பொதுமக்களில் 0.3 முதல் 0.5 சதவீதம் பேருக்கு இது உண்டு. இடது கைச் சிரையில் குலுக்கிய சலைனைச் செலுத்துங்கள். குமிழிகள் வலது மேலறைக்கு முன்பே சைனஸில் தெரிந்தால் உறுதி. இப்படிப்பட்டவருக்கு இடப்பக்கமாகப் போனால் நேரே சைனஸுக்குள்தான் இறங்குவோம். குழாய் அகன்று, கிளைகள் தலைகீழ்க் கோணத்தில் பிரியும். வலப்பக்கத்திலிருந்து வழி சுலபமா என்று முன்கூட்டியே யோசிக்கலாம்.

சிறுநீரக அளவுகளைப் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு கான்ட்ராஸ்ட் வரை போகலாம் என்று ஒரு கணக்கை முடிவு செய்யுங்கள். இதயச் செயலிழப்பில் பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். லீடு வைக்கும் பக்கத்துக் கையிலேயே ஊசிக்குழாய் போட்டிருக்கிறார்களா என்பதையும் துணி போர்த்தும் முன் பாருங்கள். போர்த்திய பிறகு நினைவு வந்தால் பயனில்லை.

சிரையைப் பிடித்தல்

அந்த ஊசிக்குழாய் வழியாக 10 முதல் 15 மி.லி. கான்ட்ராஸ்ட் செலுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ளினால் ஆக்சிலரி சிரை திரையில் துலங்கும். முதல் விலா எலும்பின் வெளி ஓரத்தின் மேல், அந்தச் சிரையைக் குத்துங்கள். விலா எலும்பு ஊசிக்குத் தடுப்பாக நிற்பதால் நுரையீரலைக் குத்தும் ஆபத்து குறைகிறது. காலர் எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், உள்ளே தள்ளி சப்கிளேவியன் சிரையைக் குத்தினால், கை அசையும் போதெல்லாம் லீடு அங்கே நசுங்கும். காப்பு உரிந்து, பின்னர் உள்ளே கம்பியே முறியும். செஃபாலிக் சிரையைத் திறந்து எடுப்பது பாதுகாப்பான வழி. ஆனால் மூன்று லீடும் அதில் நுழையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்று லீடுக்கும் மூன்று தனித் துளைகள் வேண்டும். ஒரே துளையில் இரண்டு ஒயர்களை வைத்தால், ஒரு லீடை நகர்த்தும் போது மற்றதும் கூடவே வரும். இடது லீடுக்கான துளையை உள்பக்கமாக வைத்துக்கொண்டால், லீடை உள்ளே கொண்டு செல்லும் வெளிக்குழாயான ஷீத் வளையாமல் நேராக ஓடும்.

வரிசை முக்கியம். வலது கீழறை லீடை முதலில் வையுங்கள். இடது பண்டில் ஏற்கெனவே செயலிழந்தவருக்கு வலது பண்டில் ஒன்றுதான் மிச்சம். சைனஸைத் தேடும் கேத்தீட்டர் நடுச்சுவரில் இடித்து அதையும் சற்று நேரம் நிறுத்திவிட்டால் இதயம் முழுத் தடையில் நின்றுவிடும். வலது லீடு இருந்தால் உடனே பேஸ் செய்துகொள்ளலாம்.

சைனஸுக்குள் நுழைதல்

வெளி ஷீத்தை 0.035 அங்குல ஒயரின் மேல் வலது மேலறைக்குக் கொண்டு வந்து, மூவிதழ் வால்வைத் தாண்டிக் கீழறைக்குள் சற்று போங்கள். அங்கிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். முனை பின்னோக்கி நடுச்சுவர்ப் பக்கம் திரும்பும். வால்விலிருந்து பின்வாங்கி விழும் அந்த நொடியில் முனை லேசாகக் குதித்து வாய்க்குள் சாயும். அப்போது ஒயரை மட்டும் மெல்ல முன்னே விடுங்கள். ஷீத்தைத் தள்ளும் நேரம் அது அல்ல.

ஒயருக்குப் பதில், முனை வளைக்கக்கூடிய எலக்ட்ரோபிசியாலஜி கேத்தீட்டரை ஷீத்துக்குள் விட்டும் தேடலாம். மேலறை அலையும் கீழறை அலையும் ஏறக்குறைய சமமான உயரத்தில் சேர்ந்து தெரிந்தால் பள்ளத்தில், அதாவது சைனஸில் இருக்கிறோம் என்று பொருள். கான்ட்ராஸ்டும் மிச்சமாகும்.

உள்ளே போய்விட்டோமா என்பதை எப்படி அறிவது? எல்.ஏ.ஓ.வில் ஒயர் முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் போய், இடது தோளை நோக்கி வளைந்து ஏற வேண்டும். இதயத் துடிப்பில் பி.வி.சி., அதாவது கீழறையிலிருந்து எழும் கூடுதல் துடிப்பு, வரக்கூடாது. பி.வி.சி. வரிசையாக வந்தால் ஒயர் வலது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாயில் நிற்கிறது, எல்.ஏ.ஓ. மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆர்.ஏ.ஓ.வுக்குத் திருப்பினால் சந்தேகம் தீரும். சைனஸ் என்றால் ஒயர் பள்ளத்தின் கோட்டிலேயே ஏறும். கீழறை என்றால் முன்னே போய்விடும்.

அரைமணி நேரமாகியும் வாய் கிடைக்கவில்லை என்றால் பலத்தைக் கூட்ட வேண்டாம்; காரணத்தைத் தேடுங்கள். வலது மேலறை பெருத்தவர்களுக்கு வாயின் இடம் மாறியிருக்கும், ஷீத்தின் வளைவு எட்டாது. பெரிய வளைவுள்ள ஷீத்துக்கு மாற்றுங்கள். வாய்க்குக் கீழே மேலறைச் சுவரில் ஒரு பை போன்ற குழி இருப்பவர்களுக்கு முனை அதிலேயே விழுந்துகொண்டிருக்கும்; சிறிது மேலே தூக்கி வாருங்கள். தெபீசியன் வால்வு மூடியிருக்கிறது என்று தோன்றினால் மெல்லிய, வழுக்கும் ஒயரை மேல் முன்விளிம்பில் தேடவிடுங்கள். ஒயர் நுழைந்ததும் உடனே நடு இதயச் சிரைக்குள் இறங்கி நுனியை நோக்கிப் போனால், வாயைக் கண்டுவிட்டீர்கள், கிளை மட்டும் தவறு. வெளியே வராமல் சற்றுப் பின்னே இழுத்துத் திருப்புங்கள்.

ஒயர் போதிய தூரம், பெரிய இதயச் சிரை வரை போன பிறகுதான் ஷீத்தை அதன் மேல் நகர்த்த வேண்டும். உள்ளே மென்மையான கேத்தீட்டர் ஒன்று முன்னே போக, ஷீத் அதன் பின்னே போவது நல்லது. ஒயரோ கேத்தீட்டரோ முன்னே இல்லாமல் வெறும் ஷீத் விளிம்பைத் தள்ளினால் அது சிரைச் சுவரைச் சீவிவிடும்.

படம் எடுத்தல்: இந்த வேலையின் இதயமே இதுதான்

ஷீத் வழியாக முதலில் 1 அல்லது 2 மி.லி. கான்ட்ராஸ்ட் மட்டும் விட்டுப் பாருங்கள். உடனே கரைந்து ஓடினால் குழாய்க்குள் இருக்கிறோம். புகைபோல ஒரே இடத்தில் தேங்கி, துடிப்புக்குத் துடிப்பு கலையாமல் நின்றால், முனை சுவருக்குள் இருக்கிறது. இந்தச் சிறு சோதனை இல்லாமல் பலூனை ஊதக் கூடாது.

பலூன் கேத்தீட்டரை ஒயரின் மேல் விட்டு, வாயிலிருந்து 1 முதல் 2 செ.மீ. உள்ளே நிறுத்துங்கள். 1 முதல் 1.5 மி.லி. காற்று போதும், பலூனின் உறையில் அச்சிட்ட அளவைத் தாண்ட வேண்டாம். கான்ட்ராஸ்டைச் சலைனோடு பாதிக்குப் பாதி கலந்து, 8 முதல் 10 மி.லி.யை மெதுவாக, ஒரே சீராகச் செலுத்துங்கள். பலூனைத் தாண்டிப் பின்னே ஒழுகினால் சிறிது இழுத்து அமர்த்துங்கள். காற்றைக் கூட்டி அடைக்கப் பார்க்காதீர்கள்.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: பலூன் மிக உள்ளே இருக்கும். அப்போது படத்தில் முன் சிரையும் விளிம்புச் சிரையும் அழகாகத் தெரியும். பலூனுக்குப் பின்னால் பிரியும் பின்பக்கவாட்டுச் சிரை தெரியவே தெரியாது. “நல்ல சிரை இல்லை” என்று குறிப்பு எழுதி முடித்துவிடுவார்கள். பின்சுவர் காலியாகத் தெரிந்தால் பலூனின் காற்றை இறக்கி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஒரு படம் எடுத்த பிறகே இல்லை என்று சொல்லுங்கள்.

சினியை முன்னதாக நிறுத்துவது இன்னொரு தவறு. கிளைகள் நிரம்பிய பிறகும் சில துடிப்புகள் ஓடவிட்டால், கான்ட்ராஸ்ட் நுனியோரத்து இணைப்புகள் வழியாக அடுத்த சிரைக்குள் தலைகீழாக நிரம்பும். வாயில் தெரியாத சிரையின் உடல் அப்போது புலப்படும். அந்த இணைப்பு வழியாகவே ஒயரைச் சுற்றி அனுப்பி, மறுபக்கமிருந்து வழி பிடிக்கவும் சில நேரம் முடியும்.

எல்.ஏ.ஓ., ஆர்.ஏ.ஓ. இரண்டிலும் எடுத்து, இரண்டையும் பக்கத்துத் திரையில் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் நான்கு கேள்விகள்: எங்கே பிரிகிறது, எந்தக் கோணத்தில் பிரிகிறது, எவ்வளவு அகலம், முதல் 2 செ.மீ.யில் எத்தனை வளைவு. லீடின் பருமன் 4 முதல் 5 பிரெஞ்ச், அதாவது 1.3 முதல் 1.7 மி.மீ. 2 மி.மீ. அகலச் சிரையில் அது இறுக்கமாக நிற்கும். மிக அகன்ற சிரையில் நேரான லீடு நழுவும்; வளைவு வளைவாக முன்வடிவம் கொண்ட லீடோ, பற்றும் அமைப்புள்ள லீடோ வேண்டும்.

லீடை ஏற்றுதல்

அகன்ற கோணத்தில் பிரியும் கிளைக்கு 0.014 அங்குல ஆஞ்சியோபிளாஸ்டி ஒயர் தானே போகும். கூர்மையாகத் திரும்பும் கிளைக்கு உள்கேத்தீட்டர் தேவை. 90 டிகிரி வளைந்த முனையுள்ளதை எடுத்து, கிளையைத் தாண்டி உள்ளே கொண்டு போய், மெல்லத் திருப்பிக்கொண்டே பின்னே இழுத்து வாருங்கள். கிளையின் வாயில் முனை கொக்கி போல விழும். ஒரு சொட்டு கான்ட்ராஸ்ட் விட்டு உறுதி செய்துகொண்டு, ஒயரைச் சிரையின் கடைசி வரை அனுப்புங்கள். ஒயர் எவ்வளவு ஆழமோ, லீடுக்கு அவ்வளவு பிடிமானம்.

லீடைத் தள்ளும் போது ஒயரை அசையாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கை லீடை முன்னே விட, மறு கை ஒயரைத் தந்தி போல இறுக்கமாக வைத்திருக்கும். ஒயரும் லீடும் சேர்ந்து முன்னே போனால் ஒயரின் முனை சிரையைத் துளைக்கும். ஒயர் தளர்ந்தால் லீடு கிளைக்குள் திரும்பாமல் சைனஸிலேயே மடிந்துவிடும். லீடு முட்டி நின்றால் முதலில் ஷீத் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தள்ளும் விசை அதைப் பின்னே, மேலறைக்குள் உதைத்திருக்கும். ஷீத்தைக் கிளையின் வாய்க்கருகில் மறுபடி நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். வளைவு அதிகம் என்றால் அதே கிளையில் இரண்டாவது ஒயர் ஒன்றை விட்டால் சிரை சற்று நேராகும். உண்மையிலேயே குறுகல் இருந்தால் சிறு பலூனால் விரிக்கலாம். பழக்கமுள்ள கை செய்ய வேண்டியது அது.

தூண்டும் முனைகள் நான்கு கொண்ட லீடு வந்த பிறகு ஒரு பழைய இழுபறி தீர்ந்திருக்கிறது. லீடு உறுதியாக நிற்க ஆழமாகப் போக வேண்டும். பலன் கிடைக்க வால்வு ஓரத்துக்கு அருகில் தூண்ட வேண்டும். இப்போது கடைசி முனையை ஆழத்தில் நிறுத்தி, மேலேயுள்ள முனையிலிருந்து தூண்டலாம். லீடு முனை நுனிப்பகுதியில் தெரிகிறது என்று பதறி இழுக்க வேண்டாம்; எந்த முனையிலிருந்து தூண்டுகிறோம் என்பதுதான் கணக்கு.

சோதனை

முதலில் கியூ எல்.வி. நேரத்தை அளவிடுங்கள்: ஈசிஜியில் கியூ.ஆர்.எஸ். (கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் அலை) தொடங்கும் புள்ளியிலிருந்து, இடது லீடில் அலை வந்து சேரும் வரை எத்தனை மில்லி விநாடி. ஸ்மார்ட் ஏ.வி. ஆய்வின் 2011 அலசலில் இந்த நேரம் 95-க்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. படத்தில் இடம் சரியாகத் தோன்றியும் இந்த எண் 60, 70 என்று வந்தால் அங்கே தாமதம் இல்லை. வேறு முனையையோ வேறு கிளையையோ பாருங்கள்.

அடுத்து த்ரெஷோல்டு. 0.5 மில்லி விநாடியில் 2.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பிறகு, ஃப்ரெனிக் நரம்பும் சேர்ந்து தூண்டப்படுகிறதா என்று அறிய, 10 வோல்ட்டில் தூண்டி, வயிற்றின் மேல்பகுதியில் கை வைத்துப் பாருங்கள். திரையில் உதரவிதானத்தையும் பாருங்கள். நோயாளியை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லி, இருமச் சொல்லி, திரும்பவும் பாருங்கள். துடித்தால் வோல்ட்டைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதயம் தூண்டப்படும் அளவுக்கும் உதரவிதானம் துடிக்கும் அளவுக்கும் குறைந்தது 2 வோல்ட் இடைவெளியாவது வேண்டும். மேசையில் மல்லாந்து படுத்திருக்கும் போது வராத துடிப்பு, வீட்டில் இடப்பக்கம் சாய்ந்து படுக்கும் போது வரும். விக்கல் போல ஒவ்வொரு துடிப்புக்கும் வயிறு உதறினால் மனிதர் எப்படித் தூங்குவார்? ஆகவே இந்த இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஷீத்தை அறுத்தல்

லீடை அங்கேயே விட்டு, ஷீத்தை மட்டும் நீளவாக்கில் அறுத்து வெளியே எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று கை தளரும் இந்த நொடியில்தான் லீடு வெளியே வருகிறது. ஒயரையோ, லீடை விறைப்பாக்கும் உள்கம்பியான ஸ்டைலெட்டையோ லீடுக்குள் விட்டு வையுங்கள். முனை சிரைக்கிளையின் வாயைத் தாண்டியிருந்தால் போதும். வலது மேலறையில் லீடுக்குச் சிறு தளர்வு கொடுங்கள்: மிகையானால் கீழறைக்குள் தொங்கி இழுக்கும், குறைந்தால் ஆழ்ந்த மூச்சுக்கே நழுவும்.

கத்தியின் பள்ளத்தில் லீடை அமர்த்துங்கள். கத்தி பிடித்த கையை நோயாளியின் நெஞ்சோடு ஊன்றி, அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் ஷீத்தைக் கத்தியை நோக்கி நேராக, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இழுங்கள். கத்தியை ஷீத்துக்குள் தள்ளக் கூடாது. நடுவில் நின்றாலோ திருகினாலோ அறுப்பு சுருளும், லீடும் கூடவே வரும். வேறொருவர் ஃபுளோரோவில் (நேரடி எக்ஸ்ரே திரையில்) முனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஷீத் திறந்திருக்கும் நேரத்தில் நோயாளி ஆழமாக மூச்சிழுத்தால் காற்று உள்ளே போகும். நீர் குறைந்தவர்களுக்கு இது எளிதாக நடக்கும். கால்களை உயர்த்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். அறுத்த பின் எண்களை மறுபடி அளந்து, ஒயரை எடுத்து, இன்னொரு முறை அளந்துவிட்டு லீடின் உறையைத் தசையோடு கட்டுங்கள்.

சிரை கிழிந்தால்

கான்ட்ராஸ்ட் கலையாமல் நின்றால் பதற வேண்டாம். ஆனால் உடனே நிறுத்துங்கள். சிரையில் அழுத்தம் குறைவு. மேலும் நாம் ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நுழைந்திருக்கிறோம், ஓட்டமே உரிந்த மடிப்பை அழுத்தி ஒட்டவைக்கும். பெரும்பாலான கிழிசல்கள் தானாகவே அடங்கும். ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், எக்கோவில் இதய உறைக்குள் நீர் சேர்கிறதா என்று பாருங்கள். நிலைமை சீராக இருந்தால், மென்மையான ஒயரால் உண்மையான குழாயைத் தேடித் தொடரலாம். அழுத்தம் இறங்கினாலோ, உறைக்குள் நீர் கூடினாலோ, அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. நீரை எடுக்கும் ஏற்பாடுதான் அடுத்தது. கிழிந்த சிரைக்குச் சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து லீடு வைக்கலாம்.

மறுநாள்

எக்ஸ்ரேயை நேராகவும் பக்கவாட்டிலும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் வலது கீழறை லீடு மார்பெலும்பை ஒட்டி முன்னால் இருக்கும். இடது லீடு பின்னால், முதுகெலும்பை நோக்கி வளைந்திருக்கும். இரண்டும் முன்னாலேயே தெரிந்தால் லீடு முன் சிரையில் இருக்கிறது, நேர்ப் படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி. 12 லீட் ஈசிஜியில் வி1-இல் ஆர் அலை எழும்புவதும், ஈசிஜியின் லீட் 1-இல் அலை கீழ்நோக்கித் தொடங்குவதும் இடது கீழறை தூண்டப்படுவதற்கு நல்ல அறிகுறிகள். இந்த ஈசிஜியைக் கோப்பில் வையுங்கள். பின்னர் ஒருநாள் மூச்சிரைப்போடு வரும்போது ஈசிஜி மாறியிருந்தால், லீடு நகர்ந்ததா, த்ரெஷோல்டு ஏறியதா என்று அங்கிருந்துதான் தேடத் தொடங்குவோம்.

நல்ல சிரை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். கிடைத்த ஏதோ ஒரு சிரையில் லீடைத் திணித்துவிட்டு அனுப்புவதைவிட, சிறு கீறல் வழியாக அறுவை நிபுணர் வெளிச்சுவரிலேயே பொருத்துவது மேல். 2017-இல் ஹுவாங் குழு வெளியிட்ட இடது பண்டில் பகுதி பேஸிங் இன்னொரு வழி. நடுச்சுவருக்குள் வலப்பக்கமிருந்தே திருகி வைப்பதால் கரோனரி சிரைகளே தேவைப்படாது. எந்த வழியில் போனாலும், எடுத்த சிரைப் படங்களை அறிக்கையோடு சேர்த்துச் சேமித்து, எந்தக் கிளையில் எந்த முனையில் எத்தனை வோல்ட்டில் உதரவிதானம் துடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளிக்கு லீடு மாற்ற வேண்டி வரும்போது, அன்று மேசையில் நிற்பவர் முதலில் தேடப் போவது அந்தப் படத்தைத்தான்.